வெள்ளத்தில் நீட்டிய கை வெயிலிலும் நீளட்டும்!

2023–ம் ஆண்டு டிசம்பர் 17–ந் தேதி. ஞாயிற்றுக்கிழமை இரவு.

திருச்செந்தூரில் இருந்து சென்னைக்கு ஒரு ரெயில் புறப்பட்டது. ஏறத்தாழ 800 பேர் அதில் இருந்தார்கள். வெளியே மழை. சாதாரண மழை அல்ல. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது. தமிழ்நாட்டில் ஓர் ஆண்டு முழுவதும் சராசரியாகப் பெய்யும் மழை ஏறத்தாழ அவ்வளவுதான். திருச்செந்தூரில் 69 சென்டிமீட்டர். ஸ்ரீவைகுண்டத்தில் 62.

ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் ரெயில் நின்றது. அதற்கு மேல் போக வழி இல்லை. தண்டவாளத்தின் அடியில் இருந்த மண்ணையும் ஜல்லியையும் வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது.

பயணிகளில் சுமார் 300 பேரை ஒரு பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அதற்குள் சாலையும் அறுந்தது. மீதி 500 பேர் நிலையத்திலேயே மாட்டிக்கொண்டார்கள். குழந்தைகள் இருந்தார்கள். வயதானவர்கள் இருந்தார்கள். கையில் இருந்த பிஸ்கட்டும் பழமும் எத்தனை நேரத்துக்கு வரும்?

பக்கத்தில் புதுக்குடி என்று ஒரு சிற்றூர். அந்த ஊர் மக்கள் என்ன செய்தார்கள் தெரியுமா?

வீட்டில் இருந்த அரிசியைக் கொண்டுவந்தார்கள். ஊர்க் கோவிலில் அடுப்பு மூட்டினார்கள். சமைத்தார்கள். முன்பின் தெரியாத 500 பேருக்கும் சோறு போட்டார்கள். மீட்புப் படை வந்து பயணிகளை அழைத்துப் போனது 19–ந் தேதி. அதுவரை அந்த உயிர்களைத் தாங்கியது புதுக்குடியின் சோறு.

புதுக்குடி பணக்கார ஊர் அல்ல. அங்கேயும் அதே மழைதான். யாரும் உத்தரவு போடவில்லை. யாரும் கூலி தரவில்லை. "நீ எந்த ஊர், எந்தச் சாதி?" என்று இலை போடும்போது யாரும் கேட்கவில்லை.

இதற்குப் பெயர்தான் தொண்டு!

அந்தக் கை எங்கே?

வெள்ளம் வடிந்தது. ரெயில் ஓடியது. புதுக்குடியை நாடு பாராட்டியது. நாமும் பெருமைப்பட்டோம். பெருமைப்பட வேண்டியதுதான்.

ஆனால் ஒரு கேள்வி. வெள்ளத்தில் நீண்ட அந்தக் கை, வெயில் காலத்தில் எங்கே போகிறது?

தாமிரபரணியைப் பாருங்கள். பொதிகை மலையில் பிறக்கிறாள். புன்னைக்காயலில் கடலில் கலக்கிறாள். நடுவே ஏறத்தாழ 128 கிலோ மீட்டர் தூரம். நெல்லைச் சீமையின் நெல்லும் வாழையும் அவள் தந்தவை. நம் வீட்டுக் குடத்துத் தண்ணீரும் அவளுடையது. அந்தத் தாய்க்கு நாம் கொடுப்பது என்ன?

பாபநாசத்தில் முழுக்குப் போடுகிறோம். கட்டியிருந்த துணியை ஆற்றிலேயே விட்டுவிட்டு வருகிறோம். பாவம் போயிற்று என்று நமக்கு நினைப்பு. அந்தத் துணி எங்கே போகும்? பாறை இடுக்கில் சிக்கும். படித்துறையில் அழுகும். அதற்குக் கீழே இருக்கும் ஊர் மக்கள் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள்.

வாய்க்காலில் அமலைச் செடி. குளத்தில் சீமைக் கருவேல். மடையில் பிளாஸ்டிக் பை. மழை கொட்டும்போது தண்ணீர் போக வழி இல்லை. குளக்கரை உடைகிறது. 2023–ல் எத்தனை குளங்கள் உடைந்தன என்பதை நாம் கண்ணால் பார்த்தோம். அவ்வளவு மழைக்கு எந்தக் கரையும் தாங்காது என்பார்கள். இருக்கலாம். ஆனால் தண்ணீருக்கு வழி இருந்தால், அழிவு கொஞ்சமாவது குறையும் அல்லவா?

வெள்ளத்தன்று ஆயிரம் பேர் ஓடிவருகிறோம். அதற்கு முந்திய மாதம் வாய்க்காலைத் திறந்துவிடப் பத்துப் பேர் வருவதில்லை. இதுதான் நம் குறை.

"அது சர்க்கார் வேலை!"

"என்ன அண்ணாச்சி, வாய்க்கால் இப்படி நாறிக் கிடக்கே?" என்று கேட்டுப் பாருங்கள்.

"அதுக்குத்தான் முனிசிபாலிட்டி இருக்குல்லா? வரி கட்டுதோம்லா?" என்று பதில் வரும்.

அண்ணாச்சி சொல்வதில் பாதி உண்மை. ஊர்ச் சாக்கடை ஆற்றில் விழாமல் தடுப்பது சர்க்கார் வேலை. ஆலைக் கழிவைத் தடுப்பது சர்க்கார் வேலை. அதை நூறு தொண்டர்கள் சேர்ந்தாலும் செய்ய முடியாது. அதைக் கேட்டு வாங்க வேண்டும். கிராம சபையில் எழுந்து நின்று கேட்க வேண்டும். அப்படிக் கேட்பதும் ஒரு தொண்டுதான்.

மறு பாதி? ஆற்றில் துணியைப் போட்டது சர்க்கார் அல்ல. வாய்க்காலில் இலைக்கட்டையும் பிளாஸ்டிக்கையும் கொட்டியது சர்க்கார் அல்ல. போட்டது நம் கை. எடுக்க வேண்டியதும் நம் கை.

முன்னோர் செய்தது

நம் முன்னோருக்குக் குடிமராமத்து என்று ஒரு வழக்கம் இருந்தது. வீட்டுக்கு ஓர் ஆள் வருவார். குளத்தைத் தூர் வாருவார்கள். கரையை உயர்த்துவார்கள். மடையைச் சீர்செய்வார்கள். மழைக்கு முன் வேலை முடிந்துவிடும்.

பழையது எல்லாம் பொன் என்று சொல்லவில்லை. அந்த நாளில் மண் சுமந்தவர் ஒருவர், தண்ணீர் பாய்ச்சியவர் இன்னொருவர் என்ற அநியாயமும் இருந்தது. வராதவர்களிடம் பணம் வசூலிக்க வெள்ளைக்கார ஆட்சி 1858–ம் ஆண்டு ஒரு சட்டமே போட்டது. பிறகு குளம் அரசாங்கத்தின் கைக்குப் போயிற்று. "நம் குளம்" என்ற பேச்சு "சர்க்கார் குளம்" என்று மாறியது.

2017–ம் ஆண்டு தமிழக அரசு குடிமராமத்து என்ற பெயரிலேயே ஒரு திட்டம் கொண்டுவந்தது. விவசாயிகளும் பத்தில் ஒரு பங்கைப் பணமாகவோ, பொருளாகவோ, உழைப்பாகவோ தரவேண்டும் என்றது. நல்ல எண்ணம்தான். ஆனால் திட்டம் வரும், போகும். ஊரின் பழக்கம் மட்டும்தான் நிலைக்கும்.

இன்னொரு பெரியவரையும் நினைக்க வேண்டும். திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவே ஆற்றின் மேல் நிற்கும் பாலம் யார் தந்தது? கலெக்டர் கச்சேரியில் சிரஸ்தாராக இருந்த சுலோசன முதலியார் தன் சொந்தப் பணத்தைக் கொடுத்துக் கட்டிய பாலம் அது. 1843–ம் ஆண்டு திறக்கப்பட்டது. இன்றைக்கும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

நாம் எல்லாரும் சுலோசன முதலியார் ஆக முடியாது. பாலம் கட்ட நம்மிடம் பணம் இல்லை. ஆனால் வாரத்தில் ஒரு மணி நேரம்? அது ஏழையிடமும் இருக்கிறது. பணக்காரரிடமும் இருக்கிறது.

தொடர்ந்து செய்கிறவர்கள்

இப்போதும் சிலர் சத்தம் இல்லாமல் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

மணிமுத்தாறில் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையம் இருக்கிறது. 2011–ம் ஆண்டு தொடங்கி, தை மாதத்தை ஒட்டித் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நீர்ப்பறவைகளை எண்ணுகிறார்கள். எண்ணுகிறவர்கள் தொண்டர்கள். மாணவர்கள் வருகிறார்கள். மற்றவர்களும் வருகிறார்கள். முதலில் பயிற்சி. பிறகு குளம் குளமாகப் போய் எண்ணி எழுதுகிறார்கள். "பறவையை எண்ணி என்ன பயன்?" என்று சிரிக்காதீர்கள். பறவை வராத குளம் நோயுள்ள குளம். ஆண்டுதோறும் எழுதிய கணக்கு இருந்தால்தான் குளத்தின் நோய் தெரியும்.

நாங்குநேரிப் பக்கம் கூந்தன்குளம் போய்ப் பாருங்கள். வீட்டு மரத்தில் பறவை கூடு கட்டும். எச்சம் விழும். நாற்றம் அடிக்கும். அந்த ஊர்க்காரர்கள் விரட்டுவதில்லை. தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. பறவை மிரண்டு போகுமே என்று! பறவை எச்சம் கலந்த குளத்து வண்டல் அவர்கள் வயலுக்கு உரமாகிறது. தொண்டு செய்தவனுக்கே பலன் திரும்பி வருகிறது.

இந்த இரண்டிலும் ஒரே பாடம்தான். ஒருநாள் கூத்து அல்ல. ஆண்டுக்கணக்கில் விடாமல் செய்கிறார்கள்.

தடுப்பது எது?

நல்ல மனம் நம்மிடம் இருக்கிறது. புதுக்குடி அதற்குச் சாட்சி. பிறகு ஏன் கை வருவதில்லை?

முதல் காரணம் வெட்கம். இன்னும் பச்சையாகச் சொன்னால், சாதி. குப்பை எடுப்பது யாரோ ஒரு சாதியின் வேலை என்ற நினைப்பு நம் மனதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நான் எடுத்தால் ஊர் என்ன சொல்லும் என்ற பயம். இந்த அழுக்குதான் ஆற்றில் உள்ள அழுக்கைவிடப் பெரிய அழுக்கு!

பக்கத்து நாடான இலங்கையில் நடந்ததைக் கேளுங்கள். 1958–ம் ஆண்டு அரியரத்ன என்ற ஒரு பள்ளி ஆசிரியர் கொழும்பில் இருந்து தம் மாணவர்களை ஒரு கிராமத்துக்கு அழைத்துப் போனார். எந்தக் கிராமம்? ஊரார் தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கி வைத்த மக்களின் கிராமம். வசதியான வீட்டுப் பிள்ளைகள் அந்த மக்களோடு சேர்ந்து மண் வெட்டினார்கள். சேர்ந்து சாப்பிட்டார்கள். அதுதான் சர்வோதய சிரமதான இயக்கமாக வளர்ந்து, ஆயிரக்கணக்கான கிராமங்களுக்குப் பரவியது. மண்வெட்டி பிடித்த கைக்குச் சாதி தெரியாது.

இரண்டாவது காரணம், நேரம். அன்றாடக் கூலிக்காரர் ஒருநாள் வந்தால் ஒருநாள் கூலி போய்விடும். பீடி சுற்றும் அக்காவுக்குத் தட்டில் இலை காத்திருக்கும். அடுப்பும் காத்திருக்கும். "நாள் முழுவதும் வாருங்கள்" என்றால் அவர்கள் எப்படி வருவார்கள்? ஒரு மணி நேரம் போதும் என்று கேளுங்கள். அக்கா வரும்போது அவர் பிள்ளையை இன்னொருவர் பார்த்துக்கொள்ளட்டும். அதுவும் தொண்டுதான்.

மூன்றாவது காரணம், பகட்டு. ஒரு துடைப்பத்தை ஏழு பேர் பிடித்துக்கொண்டு படம் எடுப்பார்கள். படம் எடுத்ததும் துடைப்பம் மூலைக்குப் போய்விடும். உண்மையாக உழைக்க வந்தவன் இதைப் பார்த்து ஒதுங்கிவிடுவான்.

எப்படித் தொடங்குவது?

சிறியதாகத் தொடங்குங்கள். ஆறு முழுவதும் வேண்டாம். உங்கள் ஊர்ப் படித்துறை ஒன்று. உங்கள் தெரு வாய்க்கால் நூறு அடி. அது போதும்.

நாளையும் நேரத்தையும் குறித்துவிடுங்கள். ஞாயிறு காலை 7 மணி முதல் 8 மணி வரை. மணி எட்டு அடித்ததும் நிறுத்துங்கள். அப்போதுதான் அடுத்த வாரமும் ஆள் வரும்.

ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். யார் வந்தார், எத்தனை சாக்குக் குப்பை வந்தது என்று எழுதுங்கள். இப்போதுதான் எழுதப் படிக்கத் தெரிந்துகொண்டவர் இருந்தால், அவர் கையில் அந்த நோட்டைக் கொடுங்கள். எழுத்தும் வளரும். வேலையும் வளரும்.

பஞ்சாயத்தில் முன்கூட்டியே சொல்லுங்கள். எடுத்த குப்பையை ஏற்றிப் போக டிராக்டர் வேண்டும் என்று கேளுங்கள். கரையில் குவித்துவிட்டுப் போனால் அடுத்த மழையில் அது மறுபடியும் ஆற்றுக்கே போய்விடும்.

கைக்கு உறை போடுங்கள். காலுக்குச் செருப்புப் போடுங்கள். உடைந்த கண்ணாடி கிடக்கும். பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்காதீர்கள். சாக்கடைக் குழிக்குள் யாரையும் இறக்கக்கூடாது. அது சட்டப்படி குற்றம். உயிருக்கும் ஆபத்து.

மழைக் காலத்துக்கு முன்னால் இன்னொரு வேலை. உங்கள் தெருவில் தனியாக இருக்கும் முதியவர் யார்? நடக்க முடியாதவர் யார்? கர்ப்பிணி யார்? எழுதி வையுங்கள். வெள்ளம் வந்தால் முதலில் எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்று அப்போது தெரியும்.

தொண்டரையும் தாங்க வேண்டும்

ஊருக்கும் ஒரு கடமை உண்டு. உழைக்க வருகிற பிள்ளைகளைப் பார்த்து "வேலையற்றவர்கள்" என்று கேலி பேசாதீர்கள். ஒரு செம்பு மோர் கொடுங்கள். ஒரு மண்வெட்டி இரவல் கொடுங்கள். கோவில் கமிட்டியும், பள்ளிவாசல் ஜமாத்தும், தேவாலயச் சபையும் மாதம் ஒரு ஞாயிறு சேர்ந்து இறங்கட்டும். வெள்ளத்தில் சேர்ந்து நின்றவர்கள்தானே நாம்?

புதுக்குடி அடுப்பை மறக்காதீர்கள். அந்த அடுப்பை மூட்டியவர்கள் நம்மைப் போன்ற சாதாரண மக்கள். பசியைக் கண்டார்கள். கையை நீட்டினார்கள். அவ்வளவுதான்.

ஆறும் இப்போது கேட்கிறாள். சோறு கேட்கவில்லை. வாரத்தில் ஒரு மணி நேரம் கேட்கிறாள்.

அடுத்த ஞாயிறு காலை 7 மணிக்கு உங்கள் ஊர்ப் படித்துறைக்குப் போங்கள். கையில் ஒரு சாக்கை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் நீங்கள் மட்டும்தான் இருப்பீர்கள். பரவாயில்லை. அடுத்த வாரம் பக்கத்து வீட்டுக்காரர் வருவார்!