சன்னலுக்கு ஒரு குதிரை

பத்து காவானில் புதிதாக எழும்பும் அடுக்குமாடிகளைக் கொஞ்சம் நிமிர்ந்து பாருங்கள். ஏர்கோனின் வெளிப்பெட்டியை உட்கார வைக்க, வீட்டுக்கு வீடு தனி மேடையே கட்டியிருப்பார்கள். இரண்டாவது பாலம் 2014 மார்ச்சில் திறந்த பிறகு வந்த ஊர் அது. அதற்கு முன்பிருந்த ஊரும் இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. சித்தப்பாவின் பலகை வீடு அந்த மிச்சத்தில்தான் நிற்கிறது.

சித்திக்கு இருதய நோய். தகரக் கூரை பகலில் வாங்கிய சூட்டை இரவில் இறக்கும்போது மூச்சு முட்டும். நள்ளிரவு இரண்டு மணிக்கு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். அறையைக் குளுமையாக வையுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எல்லாரும் ஸ்ப்லிட் ஏர்கோன் என்றோம். சித்தப்பா அசையவில்லை.

"நாளைக்கே வீட்டைக் காலி பண்ணச் சொன்னா பைப்பையெல்லாம் பிடுங்கிக்கிட்டா அலையறது? சன்னல் பெட்டின்னா தூக்கிக்கிட்டுப் போயிடலாம்ல."

அவர் கணக்கு சரிதான். வாடகை வீட்டில் இருக்கும் பலருக்கும் இது பொருந்தும். சன்னல் ஏர்கோனில் குளிரூட்டும் பாகம், சூட்டை வெளியே தள்ளும் பாகம், கம்ப்ரஸர் எல்லாமே ஒரே பெட்டிக்குள் அடக்கம். கேஸ் பைப்பை யாரும் திறந்து மூட வேண்டியதில்லை. ஆனால் இப்போது கடையில் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

கடைக்காரத் தவுக்கே ஒன்றரைக் குதிரைச் சக்தி எடுக்கச் சொன்னார். பத்துக்குப் பத்து அறைக்கு ஒரு குதிரையே தாராளம். பெரிய இயந்திரம் அறையைச் சட்டென்று குளிர்வித்துவிட்டு நின்றுவிடும். காற்றிலுள்ள ஈரத்தை இழுக்க அதற்கு நேரமிருக்காது. குளிரும், ஆனால் பிசுபிசுக்கும். ஏர்கோன் பிறந்ததே ஈரத்தை விரட்டத்தான். 1902இல் வில்லிஸ் கேரியர் அதை வடிவமைத்தது நியூயார்க் புரூக்ளினில் ஓர் அச்சகத்துக்காக. ஈரக் காற்றில் காகிதம் விரிந்து சுருங்கி, வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக விழாமல் போயின. மனிதர்களுக்குப் புழுங்குகிறது என்பது பிறகு வந்த கவலை.

பெட்டி வாங்கியது சுலபம். வீட்டைத் தயார் செய்வதற்குள்தான் இரண்டு சனிக்கிழமைகள் போயின. இந்தப் பெட்டி, மேலே தூக்கித் திறக்கும் அமெரிக்கச் சன்னலுக்காக உருவானது. நம்முடையது வெளியே திறக்கும் பலகைக் கதவு. இல்லாவிட்டால் நாக்கோ கண்ணாடி, அதைச் சட்டத்தோடு கழற்ற வேண்டும். சித்தப்பா ஒரு கதவைக் கழற்றிச் சட்டம் அடித்து, மீதி இடத்தைப் பிளைவூட்டால் மூடினார். பெட்டியின் எடை ஏறக்குறைய 30 கிலோ. அதைச் சன்னல் கட்டை தாங்காது என்று வெளியே இரும்புத் தாங்கி வைத்தோம். பக்கவாட்டுக் காற்றுத் துவாரங்கள் சுவருக்குள் புதையாதபடி பெட்டி வெளியே நீட்டியிருக்க வேண்டும்.

அறைச் சுவரோ கூரை வரை எட்டவில்லை. பழைய பலகை வீடுகள் காற்று ஓடுவதற்காகக் கட்டியவை; ஏர்கோனுக்கு ஓடாத காற்று வேண்டும். சித்தியின் அறைக்கு மட்டும் தாழ்வாக ஒரு சீலிங் அடித்து, பலகை இடுக்குகளையெல்லாம் நுரைப்பட்டையால் அடைத்தோம். பெட்டியை மட்டும் விலை பேசிவிட்டு இந்தச் செலவை மறந்துவிடாதீர்கள்.

பின்பக்கம் சற்றே தாழ்ந்திருக்க வேண்டும். ரசமட்டம் வைத்துப் பார்த்தபோது குமிழி லேசாக அறைப் பக்கம் ஒதுங்கியது, அது போதும். உள்ளே தண்ணீர் சளசளக்கும் சத்தம் கேட்டால் பயம் வேண்டாம். பல மாடல்களில் விசிறியே அந்தத் தண்ணீரை வாரிச் சூடான சுருளின்மேல் அடிக்கும்படி செய்திருக்கிறார்கள். வடியவில்லையே என்று அடியில் ஓட்டை போட்டுவிடாதீர்கள்.

எக்ஸ்டென்ஷன் வயர் மட்டும் கூடவே கூடாது. பலகை வீட்டில் வயர் சூடேறினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பதிவு பெற்ற வயர்மேன் வந்து பழைய வயரிங்கைச் சோதித்துவிட்டு, மெயின் பெட்டியிலிருந்து தனி லைன் இழுத்தார். சித்தப்பா அவரிடம் கேட்ட ஒரே கேள்வி பில் பற்றியது. இது ஓடும்போது ஏறக்குறைய 900 வாட் இழுக்கும். எட்டு மணி நேரம் நிற்காமல் ஓடினாலும் இரவுக்கு 7 யூனிட் சொச்சம், மாதத்துக்கு 216. குளிர்ந்ததும் கம்ப்ரஸர் நின்று நின்று ஓடுவதால் அதற்கும் குறையும். 26 டிகிரியில் வைத்து மின்விசிறியையும் மெதுவாகச் சுழலவிட்டால் இன்னும் குறையும். அணைத்த உடனே திரும்பப் போடக் கூடாது. கம்ப்ரஸருக்கு மூன்று நிமிடமாவது ஓய்வு வேண்டும். வடிகட்டியை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவ வேண்டும். அந்த வேலையைச் சித்தப்பா தன் பெயருக்கு எழுதிக்கொண்டார்.

ஒலிப்பதிவு அறையிலேயே வாழும் என் காதுக்கு இந்தப் பெட்டியின் இரைச்சல் அதிகம்தான். கம்ப்ரஸர் நிற்கும்போது 'டக்' என்று ஓர் அடி, மறுபடி எழும்போது ஓர் உறுமல். சித்திக்கும் முதல் இரண்டு இரவு தூக்கம் வரவில்லை. மூன்றாம் நாள் காலையில் நான் போன் செய்தபோது மணி எட்டரை. சித்தப்பாதான் எடுத்தார். "மெதுவாப் பேசு, இன்னும் எழுந்திருக்கல" என்றார்.