கதவடியில் நுழையும் குளிர்

தென்றலுக்காகத் தவம் கிடக்கும் சமவெளிக்காரருக்குக் காற்றைத் தடுக்க வேண்டும் என்று சொன்னால் சிரிப்பு வரும். சென்ற தை மாதம் உதகமண்டலத்தில் ஆசிரிய நண்பர் ஒருவர் வீட்டில் தங்கும் வரையில் நானும் சிரித்திருப்பேன். சுமார் 2,240 மீட்டர் உயரம். விடியற்காலையில் புல்லின் மேல் உறைபனி உப்பைத் தூவினாற்போல் வெளுத்துக் கிடந்தது.

கூடத்தில் 2,000 வாட் மின்சார ஹீட்டர் ஒன்று எரிந்தது. மணிக்கு 2 யூனிட். இரவில் 4 மணி நேரமென்றால் 8 யூனிட். இரண்டு மாதத்துக்கு 480 யூனிட்! இவ்வளவு தக்ஷிணை கொடுத்தும் எங்கள் பாதங்கள் விறைத்தே இருந்தன.

காரணத்தைக் கண்டுபிடிக்க ஓர் ஊதுவத்தி போதுமானதாயிருந்தது. கதவருகே பிடித்ததும், மேலே எழ வேண்டிய புகை மடங்கி அறைக்குள் ஓடிற்று. மூன்றடி அகலக் கதவுக்கும் தரைக்கும் நடுவே அரை அங்குல இடைவெளி. பெருக்கிப் பார்த்தால் 18 சதுர அங்குலம். சுவரில் நாலேகால் அங்குலச் சதுரமாக ஒரு துவாரம் இருந்தால் நாம் சும்மா இருப்போமா? கதவடியில் இருந்தால் மட்டும் பொறுத்துக் கொள்கிறோம்!

சூடான காற்று இலேசானது. அது மேலே ஏறிக் கூரை இடுக்கு வழியாகவும் பழைய புகைபோக்கி வழியாகவும் போய்விடுகிறது. அந்த இடத்தை நிரப்பக் கீழே குளிர் நுழைகிறது. ஆகையால் கீழே மட்டும் அடைத்தால் போதாது. (குளிர்சாதன அறை வைத்திருக்கும் சென்னைவாசிகளுக்கும் இதே கணக்குத்தான், அங்கே கனத்த குளிர்காற்று கதவடி வழியாக வெளியே ஓடிவிடும்.)

பழைய புடவையைக் குழல் போலத் தைத்து, மணல் நிரப்பிக் கதவடியில் போட்டோம். ஜன்னல் சட்டங்களில் கம்பளிப் பட்டைகளை ஒட்டினோம். புகைபோக்கியில் சாக்கைத் திணித்து, அடுத்த முறை நெருப்பு மூட்டும்போது மறந்து போகாமலிருக்கச் சிவப்பு நாடா ஒன்றைத் தொங்கவிட்டோம். அன்றிரவு ஹீட்டரை இரண்டு மணி நேரத்தில் நிறுத்தும்படி ஆயிற்று.

நண்பரின் தாயாருக்கு ஒரே சந்தோஷம். "இனிமேல் கரண்டு எதற்கடா? கணப்புச் சட்டியே போதும்" என்று, கனன்று சிவந்த கரியுடன் கூடத்துக்குள் வந்து விட்டார்.

எனக்குப் பகீரென்றது. கரி எரியும்போது உண்டாகும் கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தில் பிராணவாயு சேர வேண்டிய இடத்தில் அதைவிட 200 மடங்குக்கு மேல் பலமாக ஒட்டிக் கொள்வது. தலைவலி, மயக்கம், பிறகு விழிக்காத தூக்கம். இடுக்குள்ள வீட்டிலேயே அது ஆபத்து. நாங்களோ இருந்த இடுக்குகளையும் அன்று மாலைதான் அடைத்திருந்தோம். காஸ் அடுப்புள்ள சமையலறையிலும், காஸ் வெந்நீர் சாதனமுள்ள குளியலறையிலும் காற்று வழியை எக்காரணம் கொண்டும் அடைக்கலாகாது.

"படித்தவன் வந்தால் வீட்டில் நெருப்புக்கும் இடமில்லை" என்று முணுமுணுத்துக் கொண்டே அம்மாள் சட்டியைத் திறந்த தாழ்வாரத்துக்கு எடுத்துப் போனார். நாங்களும் கம்பளியைப் போர்த்திக் கொண்டு அங்கேயே போய் உட்கார்ந்து, உருளைக்கிழங்கு சுட்டுத் தின்றோம்.