அருங்காட்சியகம் எழுந்தது, ஆசிரியர் எங்கே?

புதுக்கோட்டையிலிருந்து தெற்கே சுமார் 20 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது திருமயம். நெடுஞ்சாலையில் செல்வோரின் கண்ணில் முதலில் படுவது, 1687-இல் சேதுபதி மன்னர் எழுப்பிய கோட்டை. அந்தக் குன்றின் அடிவாரத்தில் இரண்டு குடைவரைக் கோயில்கள் இருக்கின்றன. ஒன்றில் சத்தியகிரீசுவரர், மற்றொன்றில் பள்ளிகொண்ட பெருமாள். சிவன் குடைவரையின் சுவரில் ஒரு காலத்தில் இசைக் கல்வெட்டு ஒன்று இருந்தது. பிற்காலக் கல்வெட்டு ஒன்றுக்கு இடம் வேண்டி அதன் பெரும்பகுதியைச் செதுக்கி அழித்துவிட்டார்கள். 'பரிவாதினி' என்ற நரம்பிசைக் கருவியின் பெயர் உள்ளிட்ட சில சொற்களே எஞ்சியுள்ளன.

அந்தச் சுவரின் முன் ஏழாம் வகுப்பு மாணவர்கள் சிலரை ஒருமுறை நிற்கவைத்தேன். “ஒன்னுமே தெரியலையே சார்” என்றான் ஒருவன். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு ஒரு சிறுமி கேட்டாள்: “இத எழுதினவங்க, அழிக்கிறப்ப பார்த்திருந்தா என்ன சார் சொல்லியிருப்பாங்க?” எனக்குப் பதில் தெரியவில்லை. ஆனால், அன்றைய வகுப்பு அந்தக் கேள்வியில்தான் தொடங்கியது.

நான் ஓவியன். ஓர் அருங்காட்சியகத்தின் சார்பில் திருமயம் வட்டாரத்துப் பள்ளிகளுக்கும் ஊர்களுக்கும் சென்று கலை கற்பிப்பது என் வேலை. 'சமூகக் கலைப் பயிற்றுநர்' என்று அதற்குப் பெயர் சொல்கிறார்கள். நிரந்தரப் பணி அல்ல. அமர்வுக்கு இவ்வளவு என்று மதிப்பூதியம். என் ஊதியத்தைப் பற்றிப் புலம்புவதற்காக இதை எழுதவில்லை. தமிழ்நாடு அருங்காட்சியகங்களைக் கட்டிக்கொண்டிருக்கும் இந்த நேரத்தில், அவற்றின் உள்ளே கற்பிக்கப்போவது யார் என்ற கேள்வி உரிய அளவில் எழவில்லையே என்ற கவலையில் எழுதுகிறேன்.

கட்டடங்களின் காலம்

2023 மார்ச்சில் கீழடி அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. 2025 டிசம்பரில் திருநெல்வேலியில் பொருநை அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. எங்கள் மாவட்டத்தின் பொற்பனைக்கோட்டையிலும் 2023 முதல் மாநிலத் தொல்லியல் துறை அகழாய்வு நடத்தியிருக்கிறது. நிலத்துக்கடியிலிருந்து வரலாற்றை எடுப்பதிலும், அதைக் கண்ணாடிக்குப் பின்னே அழகாக வைப்பதிலும் மாநிலம் காட்டும் ஆர்வம் பாராட்டுக்குரியது.

புதுக்கோட்டைக்கு இது புதிதும் அல்ல. திருக்கோகர்ணத்தில் உள்ள அரசு அருங்காட்சியகம் சமஸ்தான காலத்தில், 1910-இல் தொடங்கப்பட்டது. சமஸ்தானம் 1948 மார்ச்சில் இந்திய ஒன்றியத்துடன் இணைந்த பின்னும் அது நிலைத்தது. சென்னை எழும்பூருக்கு அடுத்த பெரிய அரசு அருங்காட்சியகம் என்ற பெருமை அதற்கு உண்டு. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அருங்காட்சியகம் இருக்கும் மாவட்டம் இது. இருந்தும், நான் சந்திக்கும் திருமயம் வட்டாரத்துக் குழந்தைகளில் பலர் அதன் வாசலை மிதித்ததில்லை. மிதித்தவர்களும் பள்ளிச் சுற்றுலாவில் வரிசையாக நுழைந்து, வரிசையாக வெளியேறியவர்கள்தாம்.

பிராகு நகரில் 2022 ஆகஸ்டில் கூடிய சர்வதேச அருங்காட்சியகங்கள் பேரவை, அருங்காட்சியகத்துக்குப் புதிய வரையறை தந்தது. சேகரிப்பதோடும் பாதுகாப்பதோடும் நில்லாமல், சமூகத்தின் பங்கேற்போடு இயங்க வேண்டும் என்பதை அந்த வரையறை சேர்த்துக்கொண்டது. பங்கேற்பு என்பது சுற்றறிக்கையால் வந்துவிடாது. அருங்காட்சியகத்துக்கும் ஊருக்கும் இடையே நடந்து போய் வர ஓர் ஆள் வேண்டும்.

பார்க்கக் கற்றல்

அந்த ஆள் என்ன செய்கிறார்? ஓவியம் வரையக் கற்றுத்தருபவர் என்றே பலரும் நினைக்கிறார்கள். என் அமர்வுகளில் முதல் பத்து நிமிடம் யாரும் பென்சிலைத் தொடுவதில்லை, பார்ப்பது மட்டும்தான். சித்தன்னவாசல் சமணக் குடைவரையின் விதானத்தில் உள்ள தாமரைக் குளத்தின் பெரிய அச்சுப்படம் ஒன்றைத் தரையில் விரித்துவைப்பேன். “என்ன தெரிகிறது?” என்பது மட்டுமே என் கேள்வி.

முதலில் தாமரை என்பார்கள். பிறகு மீன், அன்னம், யானை. “எருமை குளத்துல இறங்கியிருக்கு சார்” என்று ஒருவன் கத்துவான். அவன் வீட்டு எருமை அன்று காலையில் ஊர்க் கண்மாயில் இறங்கியதைப் பார்த்துவிட்டு வந்தவன் அவன். ஆயிரம் ஆண்டுக்கும் மேற்பட்ட ஓவியம் அந்த நொடியில் அவனுக்குப் பக்கத்து ஊர்ச் செய்தியாகிவிடுகிறது. பூப்பறிப்பவர் எத்தனை பேர், அவர்கள் ஏன் வெவ்வேறு நிறத்தில் இருக்கிறார்கள், தண்ணீரை எப்படி வரைந்தார்கள் என்று கேள்விகள் வளர்கின்றன. “ஏன் இவ்வளவு அழிந்திருக்கிறது?” என்ற கேள்வியும் வருகிறது. காலமும் ஈரமும் ஒரு காரணம். சுவரில் பெயரைக் கீறிய கைகளும் ஒரு காரணம் என்று சொல்கிறேன். தொல்லியல் துறையின் எச்சரிக்கைப் பலகையை விட இந்த அரை மணி நேரம் அந்தச் சுவர்களை நன்றாகக் காக்கும் என்று நம்புகிறேன்.

இன்னோர் அமர்வில் வேளார் குடும்பத்துப் பெரியவர் ஒருவரை அழைத்திருந்தேன். அய்யனார் கோயில்களுக்குச் சுடுமண் குதிரை செய்பவர். களிமண்ணோடு மணலையும் உமியையும் கலப்பது ஏன், குதிரையின் கால்களை உள்ளீடற்ற குழாய்களாக எழுப்புவது ஏன் என்று அவர் சொல்லச் சொல்ல, பிள்ளைகளுக்கு அது அறிவியல் வகுப்பாகவும் ஆனது. அருங்காட்சியகப் பேழையில் சுடுமண் உருவத்தின் அருகே கிடைத்த இடமும் காலமும் எழுதியிருக்கும். அதைச் செய்யும் முறை தெரிந்தவரோ பேழைக்கு வெளியே, சந்தைக்கு அகல் விளக்கு செய்துகொண்டிருக்கிறார். அவரையும் அந்தப் பேழையையும் ஒரே அறைக்குள் கொண்டுவருவதுதான் என் வேலையின் சாரம்.

மதிப்பெண் கூடுமா?

பெற்றோரும் தலைமையாசிரியர்களும் தவறாமல் கேட்பது இது. நேர்மையான பதில் நியூயார்க்கில் இருக்கிறது. 1970-களில் அங்கே நிதி நெருக்கடியால் அரசுப் பள்ளிகளில் கலை வகுப்புகள் வெட்டப்பட்ட காலத்தில், குகன்ஹைம் அருங்காட்சியகத்தோடு இணைந்த 'கலைவழிக் கற்றல்' திட்டம் வேரூன்றியது. ஓவியர்களும் சிற்பிகளும் பள்ளிகளுக்கே சென்று, வாரக் கணக்கில் அதே மாணவர்களோடு வேலை செய்வார்கள். அத்திட்டத்தில் பயின்ற மூன்றாம் வகுப்பு மாணவர்களைப் பற்றிய ஆய்வு முடிவுகள் 2006-இல் வெளியாயின. ஒரு படைப்பை விரிவாக விவரிப்பது, ஊகிப்பது, தன் கருத்துக்குக் காரணம் காட்டுவது ஆகியவற்றில் அவர்கள் மற்றவர்களை விட மேம்பட்டிருந்தார்கள். ஆனால், நகரத்தின் பொதுத்தேர்வு மதிப்பெண்களில் அந்த வேறுபாடு தெரியவில்லை.

ஆகவே மதிப்பெண் கூடும் என்று நான் யாருக்கும் வாக்குறுதி தருவதில்லை. “எனக்கு இப்படித் தோன்றுகிறது, ஏனென்றால்...” என்று ஒரு கிராமத்துப் பிள்ளை நாலு பேர் முன்னால் வாய் திறப்பதைத்தான் என்னால் காட்ட முடியும். மனப்பாடத்தின் பாரத்தில் நாம் இழந்துகொண்டிருப்பது அந்த 'ஏனென்றால்' என்ற ஒற்றைச் சொல்லைத்தான்.

தொண்டா, தொழிலா?

இனி சங்கடமான பகுதிக்கு வருகிறேன். இந்த வேலையைத் 'தொண்டு' என்று அழைப்பதில் நிர்வாகங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. தொண்டுக்குப் பேருந்துக் கட்டணம் தர வேண்டியதில்லை. தயாரிப்புக்குச் செலவாகும் இரண்டு நாள்கள் கணக்கில் வராது. நிதி குறைந்தால் முதலில் நிறுத்தத்தக்கதும் அதுவே. வளமான நாடுகளிலும் இதே கதைதான். 2020 ஏப்ரலில் கொள்ளைநோய்க் காலம் தொடங்கியதும், நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் தன் ஒப்பந்தக் கலைப் பயிற்றுநர்களின் ஒப்பந்தங்களை முடித்துக்கொண்டது. உலகின் புகழ்பெற்ற ஓவியங்கள் சுவரில் பத்திரமாக இருந்தன. அவற்றைப் பார்க்கக் கற்பித்தவர்கள் வெளியே இருந்தார்கள்.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2012-இல் ஓவியம், உடற்கல்வி, இசை, தையல் உள்ளிட்ட பாடங்களுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் மாதம் 5,000 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் நியமிக்கப்பட்டார்கள். ஊதியம் பின்னர் சிறிது சிறிதாக உயர்ந்தது. ஆனால், பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் நடத்திய போராட்டங்கள் ஆட்சிகள் மாறியும் தொடர்ந்தன. ஓவிய ஆசிரியருக்கே இந்த நிலை என்றால், பள்ளிப் பதிவேட்டிலும் இல்லாத, அருங்காட்சியகப் பணியாளர் பட்டியலிலும் இல்லாத கலைப் பயிற்றுநரின் நிலையை விளக்க வேண்டியதில்லை.

தன்னார்வத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அதன் வலிமைக்கு எங்கள் மாவட்டமே சாட்சி. 1990-களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்த காலத்தில், புதுக்கோட்டை அறிவொளி இயக்கம் பாட்டையும் வீதி நாடகத்தையும் கையில் எடுத்துக்கொண்டு ஊர் ஊராகச் சென்றது. பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றார்கள். கல்குவாரித் தொழிலாளர்கள் கணக்குக் கேட்கக் கற்றார்கள். கலை, கல்வியின் வாகனமாக முடியும் என்பதற்கு வெளிநாட்டு உதாரணம் எங்களுக்குத் தேவையில்லை. ஆனால், இயக்கத்தின் அலை ஓய்ந்தபோது, பாடிய குரல்களும் ஆடிய கால்களும் பிழைப்பைத் தேடிக் கலைந்தன. அலை வந்த இடத்தில் வாய்க்கால் வெட்டப்படவில்லை. அறிவொளி சொல்லித்தரும் இரண்டாவது பாடம் அதுதான்.

என்ன செய்யலாம்?

முதலாவதாக, மாவட்ட அரசு அருங்காட்சியகம் ஒவ்வொன்றிலும் குறைந்தது ஒரு கலைப் பயிற்றுநர் பணியிடத்தை நிரந்தரமாக உருவாக்க வேண்டும். சென்னை, கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரிகளில் படித்து வெளிவரும் இளைஞர்களுக்கு அது சொந்த மாவட்டத்திலேயே ஒரு வாழ்க்கையைத் தரும். பட்டம் இல்லாத கைவினைஞர்களும் கூத்துக் கலைஞர்களும் இணைப் பயிற்றுநர்களாக வர வழி இருக்க வேண்டும். சுடுமண் குதிரை செய்யும் கைக்குச் சான்றிதழ் கேட்பது அபத்தம்.

இரண்டாவதாக, ஒருநாள் நிகழ்ச்சிகளைக் குறைத்து, ஒரே பள்ளியில் ஆறு வாரமாவது தொடரும் அமர்வுகளுக்கு நிதி ஒதுக்க வேண்டும். முதல் நாளில் குழந்தைகள் என்னைத்தான் பார்ப்பார்கள். மூன்றாவது வாரத்தில்தான் ஓவியத்தைப் பார்க்கத் தொடங்குவார்கள். எத்தனை தலைகள் வந்தன என்ற கணக்கில் இந்த வேலையை அளந்தால், ஆயிரம் பேரை வரிசையில் நடத்திச் சென்றவரே சிறந்த பயிற்றுநர் ஆகிவிடுவார்.

மூன்றாவதாக, பேருந்து. இது அற்பமாகத் தோன்றலாம். திருமயத்திலிருந்து திருக்கோகர்ணத்துக்கு ஒரு வகுப்பை அழைத்துச் செல்ல வண்டிக்குப் பணம் இல்லாமல் கைவிடப்பட்ட பயணங்களை நான் அறிவேன். பள்ளிக்கு ஆண்டுக்கு ஒரு பயணம் என்பது அரசால் ஏற்க முடியாத சுமையாகாது.

குடிநீரும் கழிப்பறையும் குறைவாக உள்ள பள்ளிகளில் கலைக்கு என்ன அவசரம் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான், இரண்டுமே வேண்டும் என்பதே என் பதில். கோடிகளைச் செலவிட்டு அருங்காட்சியகம் எழுப்பலாம் என்று ஓர் அரசு தீர்மானித்துவிட்ட பிறகு, அதில் கற்பிப்பவருக்கு மட்டும் பணம் இல்லை என்பது சிக்கனம் ஆகாது. நூலகத்தைக் கட்டிவிட்டு, எழுத்து சொல்லித்தர ஆளில்லை என்பதைப் போன்றது அது.

திருமயத்தின் இசைக் கல்வெட்டு அழிந்தாலும், இதே மாவட்டத்தின் குடுமியான்மலையில் இன்னொன்று முழுமையாக இருக்கிறது. பாறையில் வரிவரியாகச் சுரங்கள். ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் அந்தக் கல்வெட்டின் முடிவில், உருத்திராச்சாரியரின் மாணவனாகிய ஓர் அரசன் அதை இயற்றியதாகவும், மாணவர்களின் நன்மைக்காக இயற்றியதாகவும் குறிப்பு உள்ளது. 'என் புகழுக்காக' என்று அவன் எழுதிக்கொள்ளவில்லை. கலையை மாணவருக்காகக் கல்லில் வெட்டிய மரபு நம்முடையது.

பள்ளிக்குத் திரும்பிய பிறகு, அந்தச் சிறுமி தான் வரைந்த படத்தைக் காட்டினாள். சுவர் முழுக்க எழுத்துகள். அதன் முன்னால் உளியோடு ஓர் ஆள். அவன் பின்னால் கையை நீட்டியபடி ஒரு பெண். “இவங்கதான் சார் நிறுத்தச் சொல்றாங்க” என்றாள். அடுத்த கல்வியாண்டில் அவள் பள்ளிக்கு நான் செல்வேனா என்பது இன்னும் முடிவாகவில்லை; நிதி வந்தால் சொல்கிறோம் என்றிருக்கிறார்கள்.