இருவர் சேர்ந்து எழுதிய ஒரு தாள்



முக்கொம்புக்குப் போகாதவர் நம் சபையில் யாருமில்லை. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளைக் கட்டுச்சோற்றோடு அழைத்துப்போய், காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரியும் இடத்தைக் காட்டியிருப்போம். ஆனால் அங்கே நிற்கும் மேலணைக்கு ஒரு பழைய கதை உண்டு என்பதைப் பிள்ளைகளுக்கு நாம் சொல்வதில்லை.

கொள்ளிடத்தின் படுகை காவிரியைவிடத் தாழ்ந்தது, சரிவும் மிகுந்தது. ஆகவே தண்ணீர் அந்தப் பக்கமே ஓடியது. காவிரியில் மணல் மேடிட்டது, தஞ்சைச் சீமையின் வயல்கள் காய்ந்தன. ஆர்தர் காட்டன் என்னும் இளம் பொறியாளர் கொள்ளிடத்தின் தலைப்பில் குறுக்கே ஓர் அணையை எழுப்பினார். 1836-இல் அது நிறைவேறியது. நோக்கம் பலித்தது, வேண்டியதற்கு மேலாகவே பலித்தது. இப்போது காவிரி மிகுதியான நீரைப் பெற்றுத் தன் படுகையையே அரித்துக்கொண்டு போகத் தொடங்கியது. பத்தாண்டுகளுக்குள் மேலணையின் நடுப்பகுதியைத் தாழ்த்தி, காவிரியின் தலைப்பிலும் படுகை அரிபடாதபடி ஒரு தடுப்பைக் கட்ட வேண்டியதாயிற்று. கட்டி முடித்துப் புகழ்பெற்ற சுவரை மறுபடியும் இடித்துத் தாழ்த்துவது எந்த நிர்வாகத்துக்கும் எளிதன்று. அன்று அது செய்யப்பட்டது. அதனால் ஆறு பிழைத்தது.

நம் வாலிபர் ஐக்கியத்தில் பாதிப்பேர் இன்று கணினித் துறையில் வேலை செய்கிறார்கள். அவர்கள் கட்டுவதும் ஒருவகை அணைதான். கல்லுக்குப் பதிலாக எண்களால் கட்டுகிறார்கள். வெள்ளம் வருமா, பாலம் தாங்குமா, மருந்தின் அளவு எவ்வளவு என்னும் கணக்குகளை இன்று செய்துகொடுப்பவற்றில் திறந்த மூல மென்பொருள்களும் உண்டு. அவற்றின் நிரல் எல்லார் கண்ணுக்கும் திறந்திருக்கும்; யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், யாரும் குற்றம் கண்டு சொல்லலாம், யாரும் திருத்தம் எழுதி அனுப்பலாம். தளர்ந்த மணலில் அடித்தளம் இடும் வித்தையை இந்நாட்டு முன்னோரிடமே கற்றுக்கொண்டதாகக் காட்டன் எழுதினாரே, அப்படிப் பெயர் தெரியாதவர்களின் அறிவு கைமாறி வளரும் முறை இது. இம்முறையில் வேலை செய்கிறவர்கள் கருத்து வேறுபாட்டையும் பிழையையும் எப்படிக் கையாளுகிறார்கள் என்பதை நம் பிள்ளைகள் வழியாகச் சில மாதங்களாகக் கேட்டும் வாசித்தும் வருகிறேன். சேகரக் கூட்டங்களில் அமர்ந்து தலை நரைத்தவன் என்ற முறையில் சொல்லுகிறேன்: அவர்களிடம் நாம் கற்க வேண்டியது அதிகம்.

முதலில், எல்லாக் குறையும் குறையன்று. கணினியிடம் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டச் சொன்னால், பல நிரல் மொழிகளில் விடை 0.30000000000000004 என்று வரும். புதிதாய்ப் பார்ப்பவர் பதறி, பெரும் பிழை கண்டேன் என்று முறையிடுவார். உண்மை வேறு. மூன்றில் ஒரு பங்கை நம் தசம முறையில் எழுதினால் 0.333 என்று முடிவில்லாமல் நீளுகிறது அல்லவா? அதுபோல, இரண்டே இலக்கங்களால் எண்ணும் கணினிக்குப் பத்தில் ஒரு பங்கு முடிவில்லாமல் நீளும் எண். எங்கேயோ வெட்டித்தான் ஆகவேண்டும்; வெட்டிய இடத்தில் ஒரு துளி மிச்சம் நிற்கும். எப்படி வெட்டுவது என்பதற்கு 1985-இலேயே உலகத்தார் ஒத்துக்கொண்ட விதி வந்துவிட்டது. இதே கேள்வியோடு நாள்தோறும் வருகிற புதியவர்களுக்குச் சலிக்காமல் பதில் சொல்லுகிற ஒருவர் இத்தகைய குழுக்களில் எப்போதும் இருக்கிறார். காணிக்கைக் கணக்கில் ஒரு ரூபாய் இடித்தால் பொருளாளரைத் திருடனென்று முணுமுணுக்கிற நமக்கு அந்தப் பொறுமை வேண்டியிருக்கிறது.

ஆயினும் அந்தத் துளியே ஆட்களைக் கொன்றதும் உண்டு. 1991-ஆம் ஆண்டு வளைகுடாப் போரில், சவூதி அரேபியாவின் தஹ்ரான் நகரில் அமெரிக்கரின் பேட்ரியட் ஏவுகணைக் காவல் நின்றது. அதன் கணினி நேரத்தைப் பத்தில் ஒரு விநாடியாக எண்ணியது. அந்தப் பத்தில் ஒன்றை 24 இலக்கங்களில் வெட்டியிருந்தார்கள். நூறு மணி நேரம் நிறுத்தாமல் ஓடியபோது, சேர்ந்த மிச்சம் ஏறக்குறைய 0.34 விநாடி. அதற்குள் எதிரியின் ஏவுகணை அரைக் கிலோமீட்டருக்கும் மேல் கடந்துவிடும். பிப்ரவரி 25-ஆம் தேதி காவல் தவறான இடத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, 28 படைவீரர்கள் மாண்டார்கள்.

என்னைத் தூங்கவிடாத செய்தி இதற்கு முந்தினது. இந்தக் குறையை அதே கருவியைப் பயன்படுத்திய இஸ்ரேலியர் இரண்டு வாரங்களுக்கு முன்பே கண்டு சொல்லியிருந்தார்கள். நெடுநேரம் ஓட்டினால் பிசகும் என்று காவல் நிலையங்களுக்கு ஓர் எச்சரிக்கையும் போயிற்று. நெடுநேரம் என்றால் எத்தனை மணி என்று அதில் எழுதவில்லை. திருத்தப்பட்ட மென்பொருள் தஹ்ரானுக்கு வந்து சேர்ந்தது 26-ஆம் தேதி, அதாவது மறுநாள்.

குறை சொன்னவர் இருந்தார், கேட்டவரும் இருந்தார், திருத்தியவரும் இருந்தார். இடையில் தெளிவு மட்டும் இல்லை. இதனால்தான் திறந்த மூலக் குழுக்களில் பிழை அறிவிப்புக்கு ஒரு கண்டிப்பான ஒழுங்கு இருக்கிறது. எந்தப் பதிப்பு, என்ன உள்ளிட்டீர், என்ன எதிர்பார்த்தீர், என்ன வந்தது என்று எழுத வேண்டும்; வேறொருவர் தம் கணினியில் அதையே செய்து அதே பிழையைக் காண முடிய வேண்டும். காண முடிந்தால், சொன்னவன் பள்ளி மாணவனாயினும் அவன் வார்த்தை நிற்கும். முடியாவிட்டால், சொன்னவர் பேராசிரியராயினும் நிற்காது.

இதை நம் ஊர்ப் பேச்சோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 2018 ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பில் கொள்ளிடத்து அணையின் ஒன்பது மதகுகள் வெள்ளத்தில் போயின. மறுநாள் காலை தொடங்கி, மணல் அள்ளியதே காரணம் என்று ஒரு சாராரும், கட்டடத்தின் முதுமையும் வெள்ளமுமே காரணம் என்று மறு சாராரும் பேசினார்கள். எந்த மதகின் கீழ், எத்தனை அடி, எந்த ஆண்டிலிருந்து என்று கேட்டால் இரு சாராரிலும் பெரும்பாலோர் கோபித்துக்கொண்டார்கள். சபைக் காரியங்களில் நாம் பேசுவதும் இந்த விதமே. இரண்டு மூன்று சாட்சிகளின் வாயினால் காரியம் நிலைப்பட வேண்டும் என்று மத்தேயு 18-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் சொன்னது, மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு ஒருவரைத் தாக்குவதற்கு அன்று. மூன்று பேரும் தாமே கண்டிருக்க வேண்டும் என்பதே அங்கே கருத்து.

இனிக் கருத்து வேறுபாட்டுக்கு வருகிறேன். பைத்தான் என்னும் மொழியில் எண்களை அட்டவணையாகக் கையாள நியூமெரிக் என்றொரு தொகுப்பு 1990-களின் நடுவில் பிறந்தது. ஹப்பிள் தொலைநோக்கியின் படங்களைக் கையாளும் வானியல் நிறுவனத்தார், பெருந்தரவுகளுக்கு அது போதாதென்று நம்அரே என்னும் வேறொன்றை எழுதினார்கள். சிறு அட்டவணைகளுக்குப் பழையது விரைவு, பெரியவற்றுக்குப் புதியது நலம். இரண்டு கூட்டம் உண்டாயிற்று. ஒன்றுக்கு எழுதிய நிரல் மற்றொன்றோடு சேர்ந்து வேலை செய்யாது. நம் தெருவில் ஒரே விசுவாசப் பிரமாணத்தைச் சொல்லும் மூன்று சபைகள் தனித்தனி ஒலிபெருக்கி வைத்திருப்பதை நினைத்துக்கொண்டேன்!

திறந்த மூலத்தில் பிரிந்துபோகும் உரிமை எவருக்கும் உண்டு. நிரலின் ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு தனிவழி போகலாம். பவுலும் பர்னபாவும் மாற்குவின் பொருட்டுக் கடுமையாய் வாதாடிப் பிரிந்த செய்தி அப்போஸ்தலர் 15-இன் கடைசியில் ஒளிவின்றி எழுதப்பட்டிருக்கிறது. எனவே பிரிவைப் பாவமென்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அதற்கு விலை உண்டு, பெரும்பாலும் அதைப் பிறர் கொடுக்கிறார்கள். 2005-இல் அமெரிக்கப் பல்கலைக்கழக ஆசிரியரான டிராவிஸ் ஆலிஃபன்ட் என்பவர் இரண்டையும் ஒன்றாக்கும் வேலையில் இறங்கினார். பழையதன் அடித்தளத்தின்மேல் புதியதன் நன்மைகளைச் சேர்த்தார். 2006-இல் வெளிவந்த நம்பை அதுவே. 2019-இல் உலகம் பார்த்த கருந்துளையின் முதற்படத்துக்குப் பின்னால் ஓடிய கணக்குகளிலும் அது இருந்தது.

ஒன்றானபின் சண்டை நின்றதா? இல்லை. 2011-இல் ஒரு கேள்வி எழுந்தது: ஓர் அளவு கிடைக்கவில்லையெனில் அட்டவணையில் அங்கே என்ன எழுதுவது? முக்கொம்பில் ஒருநாள் நீர்மட்டம் குறிக்கப்படவில்லை என்று வையுங்கள். பூஜ்யம் எழுதினால் ஆறு வறண்டது என்று பொருளாகிவிடும். அந்த அளவு அறியப்படாதது, இனி அறியவும் முடியாது என்று குறிப்பது ஒரு வழி. எண் இருக்கிறது, ஆனால் இப்போதைக்குத் திரையிட்டு மறைத்திருக்கிறோம், வேண்டும்போது திரையை விலக்கலாம் என்பது மற்றொரு வழி. இரண்டையும் ஒரே அமைப்பில் தரலாம் என்று மார்க் வீபி என்பவர் வடிவமைத்து, உழைத்து எழுதி, வளர்ச்சியிலிருந்த பதிப்பில் சேர்த்தும் விட்டார். இவை வெவ்வேறு பொருள்கள், கலந்தால் குழப்பம் என்று நதானியேல் ஸ்மித்தும் மத்தேயு பிரெட்டும் எதிர்த்து, மாற்று வரைவு கொண்டுவந்தார்கள். மாதக்கணக்கில் கடிதங்கள் பறந்தன, சூடும் ஏறிற்று.

அப்போது நடந்ததுதான் இந்த வாரம் நான் எழுதக் காரணம். 2012 ஏப்ரலில் வீபியும் ஸ்மித்தும், எதிரெதிர் நின்ற அந்த இருவரும், சேர்ந்து ஒரே ஆவணத்தை எழுதினார்கள். தீர்ப்பு அதில் இல்லை. எதில் ஒத்துப்போகிறோம், எதில் ஒத்துப்போகவில்லை, அவரவர் அச்சம் என்ன என்பதை இருவரும் ஒப்புக்கொள்ளும் சொற்களில் பதிவு செய்தார்கள். எதிராளியின் வாதத்தை அவரே ஆமென் சொல்லும்படி எழுதுவது எவ்வளவு கடினம் என்பது முயன்றவர்களுக்குத் தெரியும். நீதிமொழிகள் 18-இல் முதலில் பேசுகிறவன் நியாயவானாய்த் தோன்றுவதைப் பற்றி ஓர் எச்சரிக்கை உண்டு. இந்த இருவரும் அதற்கு நல்ல மருந்து கண்டார்கள். இறுதியில், ஒருமனம் ஏற்படாததால் அந்த அமைப்பு விலக்கிக்கொள்ளப்பட்டது. 2013-இல் வந்த 1.7 பதிப்பில் அது இல்லை. ஒருமித்த முடிவையே நாட வேண்டும் என்பது பின்னாளில் அந்தத் திட்டத்தின் நிர்வாக விதியிலும் எழுதப்பட்டது.

விலக்கியது சரியே என்பது என் எண்ணம். உழைத்தவருக்கு அது வலித்திருக்கும், வலிக்காதென்று சொல்லுவது மூடத்தனம். காலதாமதமும் உண்டு, ஒருமனத்துக்குக் காத்திருப்பவர்கள் சில நல்ல காரியங்களை இழக்கவும் நேரும். ஆனால் இலட்சம் பேர் வீடு கட்டப்போகும் அடித்தளத்தைப் பாதிப்பேர் நம்பாத நிலையில் இட்டுவிட்டுப் போவதைவிட அந்த இழப்புச் சிறிது.

அதிகாரத்தால் அடக்கிவிடலாமே என்கிறீர்களா? அந்தியோகியாவில் பவுல் பேதுருவை மறைவில் தூற்றவில்லை, எல்லாருக்கும் முன்பாக முகமுகமாய் எதிர்த்தார். பின்னொருநாள் பேதுருவின் இரண்டாம் நிருபம் அதே பவுலைப் பிரியமான சகோதரன் என்றும், அவர் நிருபங்களில் அறிவதற்கு அரிதானவை உண்டு என்றும் ஒருசேரச் சொல்லுகிறது. நம்மிடையே மூத்தவர் சொன்னால் எதிர்ப்பேச்சில்லை என்பதை மரியாதை என்கிறோம். கூட்டத்தில் வாய் திறவாதவர்கள் மதில் ஓரத்தில் நின்று பேசுவதைப் போதகர் கேட்கமாட்டார் என்றும் நினைக்கிறோம்.

திருத்தும் விதத்திலும் ஒரு சொல். ஆர் என்னும் புள்ளியியல் மென்பொருளில், குலுக்கல் முறையில் மாதிரி எடுக்கும் பகுதி எல்லா எண்ணுக்கும் சம வாய்ப்புத் தரவில்லை என்று கண்டு, 2019-இல் வந்த 3.6.0 பதிப்பில் அதைத் திருத்தினார்கள். ஆனால் பழைய முறையையும் ஒரு தெரிவாக விட்டுவைத்தார்கள், முன்பு அதை நம்பி ஆய்வு செய்தவர்கள் தங்கள் பழைய விடைகளைச் சரிபார்க்கும்படி. நாளை முதல் இப்படித்தான் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டுப் போகிற நம் வழக்கத்தோடு இதையும் வைத்துப் பாருங்கள்.

இப்போது நம் கட்டட நிதிக்கு வருகிறேன். பழைய கூடத்தைப் பழுதுபார்ப்பதா, இடித்துப் புதிதாய்க் கட்டுவதா என்று இரண்டு பக்கங்கள் உருவாகியிருப்பதும், இரு பக்கத்தாரும் என்னைத் தனித்தனியே வந்து பார்ப்பதும் உங்களுக்குத் தெரியும். இனித் தனித்தனியே வருகிறவர்களிடம் இதைப் பற்றி நான் பேசப்போவதில்லை. பழுது வேண்டும் என்பவர்களில் ஒருவரும் புதியது வேண்டும் என்பவர்களில் ஒருவரும் சேர்ந்து அமர்ந்து, ஒரே தாளில், இருவரும் கையெழுத்திடும்படி எழுதிக்கொண்டு வாருங்கள்: சுவரில் விரிசல் எங்கே, எத்தனை அடி, பொறியாளர் சொன்னது என்ன, தொகை எவ்வளவு, எதில் நீங்கள் ஒத்துப்போகவில்லை. அந்தத் தாள் வரும்வரை சேகரக் கூட்டத்தில் வாக்கெடுப்பு இராது. வரும் ஞாயிறு ஆராதனை முடிந்தபின் சிற்றறை திறந்திருக்கும். மேசையும் இரண்டு நாற்காலியும் போட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன்.