குருவிக்கு வைத்த தண்ணீரில் கொசு வளரலாமா?

உடைந்த பானை, ஓட்டை வாளி, காது போன சட்டி, காலி எண்ணெய் டின்! சூலக்கரையிலும் விருதுநகரிலும் இவை கிடக்காத கொல்லைப்புறம் உண்டா? பழைய இரும்புக்காரருக்குப் போட்டது போக மிச்சம் எல்லாம் மொட்டை மாடியில்தான்.

இந்தச் சாமான்களுக்கு இரண்டு பேர் போட்டி போடுகிறார்கள். ஒருவர் சிட்டுக்குருவி. இன்னொருவர் டெங்கு கொசு! யாருக்கு இடம் என்று முடிவு செய்ய வேண்டியவர் வீட்டுக்காரர்.

ஓட்டு வீடுகள் போய் கான்கிரீட் வீடுகள் வந்தன. ஓட்டு இடுக்கும் போச்சு, தாழ்வாரமும் போச்சு. குருவி எங்கே கூடு கட்டும்? கரிசல் பூமியின் கோடை வெயிலில் அதற்கு ஒரு வாய் தண்ணீர் கிடைப்பதும் பெரும்பாடு.

பக்கத்துச் சிவகங்கை மாவட்டத்துப் பொத்தகுடி கிராமம் 2020-ம் ஆண்டு நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தது. தெருவிளக்கு சுவிட்ச் பெட்டிக்குள் ஒரு சிறு பறவை முட்டையிட்டது. குஞ்சு பறக்கும்வரை ஒரு மாதத்துக்கு மேல் ஊரே இருட்டில் இருந்தது! அவ்வளவு கஷ்டப்பட வேண்டாம். ஒரு பழைய கலயம் போதும். வாயைப் பலகையால் மூடி, ஒன்றேகால் அங்குலத்தில் துளை போட்டு, எட்டு பத்தடி உயரத்தில், பூனைக்கு எட்டாமல், நிழலில் கட்ட வேண்டும். எண்ணெய் டின்னை வெயிலில் கட்டினால் குஞ்சு வெந்து போகும். ஜாக்கிரதை!

சரி, தண்ணீர்? இங்கேதான் வில்லங்கம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. வீட்டில் தேங்கும் நல்ல தண்ணீர்தான் அதற்குப் பிடிக்கும். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும். முட்டை பாத்திரத்தின் உள்ஓரத்தில் ஒட்டிக் கொள்ளும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. மறுபடி தண்ணீர் பட்டால் பொரித்து விடும்! தண்ணியைக் கொட்டிவிட்டுக் கவிழ்த்தால் மட்டும் போதாது என்பது இதனால்தான்.

வழி சுலபம். அகலமான பழைய மண் சட்டியில் இரண்டு விரல்கடைக்கு மேல் தண்ணீர் வேண்டாம். உள்ளே ஒரு கல் போட்டால் தேனீகூட உட்கார்ந்து குடிக்கும். தினமும் தண்ணீர் மாற்ற வேண்டும். இரண்டு நாளுக்கு ஒரு தடவை தேங்காய் நாரால் ஓரத்தை அழுத்தித் தேய்க்க வேண்டும். இதற்குச் சோம்பல் படுகிறவர் தண்ணீர் வைக்காமல் இருப்பதே தெருவுக்குப் புண்ணியம்!

பட்டாசுத் தொழில் நடக்கும் ஊர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. மருந்து வந்த டப்பாவையும் டிரம்மையும் கழுவி விட்டோம் என்று குருவிக்குத் தண்ணீர் வைக்கக் கூடாது. பேரியம் உப்பு போன்ற விஷச் சரக்கு ஒட்டியிருக்கலாம். அதை மனிதருக்கும் வைக்கக் கூடாது, பறவைக்கும் வைக்கக் கூடாது.

கொசு வளர இடம் கொடுக்கக் கூடாது என்பது 1939-ம் ஆண்டு முதல் இருக்கும் பொதுச் சுகாதாரச் சட்டம். ஆகவே சோதனைக்கு வரும் பணியாளர்கள் மீது கோபப்பட நியாயம் இல்லை. அதே சமயம் தேய்த்துச் சுத்தமாக வைத்த சட்டியையும், புழு நெளியும் பழைய டயரையும் ஒரே மாதிரி பார்ப்பதும் சரியில்லை. புழு இருந்தால் அபராதம் போடட்டும். இல்லாவிட்டால் எப்படித் தேய்ப்பது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகட்டும். அந்த ஒரு வார்த்தை பத்து நோட்டீசுக்குச் சமம்.

மழைக்காலம் வந்தபின் ஆஸ்பத்திரி வாசலில் கூட்டம் கூடுவதற்கு முன், அதிகாரிகள் இதைக் கவனிப்பார்களா? அதற்கும் முன், வீட்டுக்காரர்கள் இன்று மாலையே மாடி ஏறிப் பார்ப்பார்களா?