புதுக் கட்டடம் வேண்டாம், பழைய கல்வீடு போதும்

கல்முனைக் கரையோரத்துக்கு ஒரு நூதனசாலை வேண்டும். பெரிய நீலாவணை முதல் பொத்துவில் வரை வாழ்ந்த முஸ்லிம்களும் தமிழரும் எதை விதைத்தார்கள், எதை நெய்தார்கள், எந்தப் பாயில் பிள்ளையைக் கிடத்தினார்கள் என்று இன்றைய பிள்ளை போய்ப் பார்க்க ஓர் இடம் வேண்டும். இப்படிச் சொன்ன உடனே யாராவது ஓர் அரசியல்வாதி காணி தேடப் புறப்பட்டுவிடுவாரோ என்ற பயமும் கூடவே வருகிறது. ஆகவே இரண்டாவது விடயத்தையும் இப்போதே சொல்லிவிடுகிறோம். அதற்கென்று புதிதாக ஓர் அடிக்கல்லும் நாட்ட வேண்டாம்.

கட்டடம் கட்டி நாம் கண்ட சுகம் போதும். சுனாமிக்குப் பிறகு அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி அரேபியாவின் பணத்தில் 500 வீடுகள் எழுந்தன. யாருக்குக் கொடுப்பது என்ற வழக்கில் அகப்பட்டு, ஆண்டுக்கணக்காக ஆளின்றிக் காடு பற்றிக் கிடந்தன. ஒலுவில் துறைமுகம் 2013 இல் திறக்கப்பட்டது. வாயில் மணல் அடைத்துக்கொண்டது. பக்கத்துக் கரை கடலுக்குள் போனது. பெயர்க்கல்லுக்கும் நாடா வெட்டுவதற்கும் இந்தப் பக்கத்தில் ஒருநாளும் பஞ்சம் இருந்ததில்லை.

நல்ல நூதனசாலைகள் பல, வேறெதற்கோ கட்டிய கட்டடத்தில் குடியேறியவைதான். தஞ்சாவூர் அரண்மனைக்குள் 1951 இல் கலைக்கூடம் தொடங்கினார்கள். நாயக்கரும் மராட்டியரும் இருந்து ஆண்ட இடத்தில் இன்று சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகள் நிற்கின்றன. அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். சாமான் எடுக்கக் கொழும்பு புறக்கோட்டைக்குப் போகும் நம் வியாபாரிகள் எத்தனையோ தடவை கடந்து போயிருக்கும் பிரின்ஸ் வீதியில் ஒல்லாந்தர் கால நூதனசாலை இருக்கிறது. 17 ஆம் நூற்றாண்டின் கடைசியில் தேசாதிபதி தோமஸ் வான் றீ குடியிருந்த மாளிகை அது. பிறகு பலருடைய கைக்கு மாறி, 1932 முதல் தபாலகமாக இருந்தது. 1971 அளவில் ஒரு பகுதி இடிந்து விழவும் கைவிட்டார்கள். முழுவதையும் தட்டிவிட்டு அலுவலகக் கட்டடம் எழுப்பலாம் என்ற யோசனையும் வந்தது. நெதர்லாந்தில் படித்துத் திரும்பிய இலங்கையர்கள் அதை எதிர்த்து நின்றார்கள். திருத்த வேலைகள் முடிந்து 1982 இல் அது நூதனசாலையாகத் திறந்தது. நம்மை ஆண்டு, வரி வாங்கிப் போன ஒல்லாந்தனின் வீட்டைக் காப்பாற்றவும் ஆள் இருந்தது. நம் போடிமாரின் வீட்டுக்காகப் பேச யார் இருக்கிறார்கள்?

கட்டடத்தைக் காப்பாற்றுவது பாதி வேலைதான். மீதிப் பாதி என்ன என்பதை வியன்னா நகரத்தில் பார்க்கலாம். அங்கே பெல்வெடியர் என்ற அரண்மனையை இளவரசர் யூஜின் கட்டினார்; அதன் மேல் மாளிகை 1723 இல் முடிந்தது. பரோக் பாணி என்பார்கள். வளைவும் சுருளும் பொன் பூச்சும் கூரை நிறைய ஓவியமுமாக, வருகிறவனை வாய் பிளக்க வைப்பதற்கென்றே உண்டான பாணி. யூஜின் துருக்கியரோடு பொருதி வென்று பேர் எடுத்த தளபதி. ஆதலால் அந்த மாளிகைமேல் நமக்குத் தனிப் பாசம் இருக்க நியாயமில்லை. ஆனாலும் பின்னால் நடந்தது கவனிக்க வேண்டியது. அவருடைய காலத்துக்குப் பிறகு அரச குடும்பம் அதை விலைக்கு வாங்கியது. தங்கள் ஓவியங்களை அங்கே கொண்டுபோய் மாட்டி, 1781 இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. வாரத்தில் மூன்று நாள், கட்டணம் இல்லை. வருகிறவரின் குலமோ பட்டமோ கேட்கவில்லை. சப்பாத்து சுத்தமாக இருந்தால் போதும் என்றார்கள். அரசன் மட்டும் பார்த்த படத்தைச் சப்பாத்துத் தைப்பவனும் பார்க்கலாம் என்று ஆன அன்றுதான் அந்த அரண்மனை நூதனசாலையானது.

அதே பெல்வெடியர் பிற்காலத்தில் தலைகுனிந்த கதையும் உண்டு. கிளிம்ட் என்ற ஓவியரின் புகழ்பெற்ற படங்கள் அங்கே தொங்கின. அவற்றில் சில, 1938 இல் நாசிகள் ஒஸ்திரியாவைப் பிடித்த பிறகு ஒரு யூதக் குடும்பத்திடமிருந்து பறிக்கப்பட்டவை. அந்தக் குடும்பத்தின் பெண், அமெரிக்காவில் வாழ்ந்த மரியா ஆல்ட்மன், முதிய வயதில் வழக்காடினார். 2006 இல் நடுவர் தீர்ப்பின்படி ஐந்து படங்களைத் திருப்பிக் கொடுக்க நேர்ந்தது. சுவரில் தொங்குவதால் மட்டும் ஒரு பொருள் நூதனசாலைக்குச் சொந்தமாகிவிடாது.

இனி நம் ஊருக்கு வருவோம். இந்தக் கரையில் வீடு பெண்ணுக்குரியது. குடி தாய்வழியில் வரும். வீடு சீதனமாக மகளுக்குப் போகும். முஸ்லிம் வீட்டிலும் அப்படித்தான், தமிழ் வீட்டிலும் அப்படித்தான். பழைய கல்வீடுகள் மறைவதற்கு இதுவும் ஒரு காரணம். ஒரு வளவில் மூன்று மகள்மார் இருந்தால் மூன்று வீடு எழும்ப வேண்டும். முன்பு நெற்காணியில் வந்த காசு, பிறகு மத்திய கிழக்கில் உழைத்த காசு, இப்போது வங்கிக் கடன். தடித்த சுவரும் உயர்ந்த ஓட்டுக் கூரையுமாய் நின்ற உம்மும்மாவின் வீட்டைத் தட்டித்தான் பேத்தியின் மாடி வீட்டுக்கு அத்திவாரம் வெட்டுகிறார்கள். அந்தக் குடும்பத்தைக் குறை சொல்ல முடியாது. குமரைக் கரை சேர்க்க வேண்டியவரிடம் போய் மரபுரிமை பற்றி வகுப்பு நடத்துவது அழகல்ல. அவருக்கு மாற்று வழி காட்டுவதுதான் பொது நிறுவனங்களின் வேலை.

வீட்டோடு பொருளும் போகிறது. வெற்றிலை வட்டா, படிக்கம், மரைக்கால், பன்பாய், அரபுத்தமிழ் ஏடு, பழைய காணி உறுதி எல்லாம் முதலில் பரணுக்கு ஏறும். பிறகு பழைய இரும்பு வாங்குகிறவனின் வண்டிக்கு இறங்கும். 2004 டிசம்பர் 26 அன்று கடல் எடுத்துக்கொண்டது போக எஞ்சியவை இவை. அம்பாறை மாவட்டத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் போன நாளில் யாரும் வட்டாவை எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள். இப்போது எண்ணத்தான் வேண்டும். நிந்தவூர் எஸ். முத்துமீரான் கிழக்கிலங்கை முஸ்லிம்களின் நாட்டார் பாடல்களைத் தேடித் தேடித் தொகுத்தார். பாட்டைத் தேட அப்படி ஒரு மனிதர் கிடைத்தார். பொருளைத் தேடிக் காப்பதற்குத் தனிமனிதர் போதாது.

எதிர்ப்பு வரும் என்பது தெரியும். நூதனசாலை நமக்கென்னத்துக்கு, அது மற்றவர்களின் சங்கதி என்பார்கள். கொழும்பு தேசிய நூதனசாலையின் வெள்ளை மாளிகையைக் கட்டி எழுப்பிய ஒப்பந்தக்காரர் வாப்பிச்சி மரிக்கார். தேசாதிபதி கிரகரி 1877 இல் அதைத் திறந்து வைத்தபோது, என்ன வெகுமதி வேண்டும் என்று கேட்டாராம். வெள்ளிக்கிழமை பூட்டி வையுங்கள், அது போதும் என்றாராம் மரிக்கார். கர்ண பரம்பரையாக வரும் கதைதான். ஆனால் கட்டியது நம் ஆள் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

காத்தான்குடியில் நூதனசாலை அமைத்தபோது மனித உருவங்கள் வைத்தது சர்ச்சையானது. இங்கே உருவமே தேவையில்லை. மருதமுனைத் தறி ஒன்றை நிறுத்தி, நெய்யத் தெரிந்த ஒருவருக்குச் சம்பளம் கொடுத்து உட்கார வைத்தால் அதைவிடப் பெரிய காட்சி எதுவும் இல்லை. குப்பை அள்ளவே தடுமாறும் மாநகர சபைக்கு இது தேவையா என்ற கேள்விதான் கனமானது. உண்மை, குப்பை முந்தியது. அதனால்தான் கோடிக்கணக்கில் செலவாகும் கட்டடத்தை நாம் கேட்கவில்லை.

நாம் கேட்பது இதுதான். கடலோரத்தை விட்டு உள்ளே தள்ளி நிற்கும் பழைய கல்வீடுகளில் ஒன்றை, அதன் உரிமைக்காரப் பெண்ணிடமிருந்து நீண்ட காலக் குத்தகைக்கு எடுக்க வேண்டும். உறுதி அவர் பெயரிலேயே இருக்கட்டும். குத்தகைப் பணம் மகளின் வீட்டுக்கு உதவட்டும். பொருள்களையும் இரவலாகவே வாங்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் படம் பிடித்து, உடையவரின் பெயர் எழுதி, பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டும். கேட்ட நாளில் திருப்பித் தர வேண்டும். வியன்னா 2006 இல் படித்த பாடத்தை நாம் முதல் நாளே படித்துவிடலாம். பதிவு வேலையை ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகம் பொறுப்பேற்கட்டும்; பட்டப்படிப்பு மாணவர்களுக்கு இதைவிட நல்ல களப்பணி எங்கே கிடைக்கும்?

நிர்வாகக் குழுவில் பள்ளிவாசல் மரைக்காயர்மாரும் கோயில் வண்ணக்கர்மாரும் இருக்கலாம். பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும். வீடும் அவர்களுடையது, வீட்டிலுள்ள பொருளின் கதை தெரிந்தவர்களும் அவர்களே. பிரதேச செயலகம் யாருக்கு, சபை யாருக்கு என்று எல்லை பிடித்துக் கொண்டிருக்கும் இந்த ஊரில், களவெட்டியில் சூடு மிதித்தபோது இரு சமூகமும் பேசிய சொற்கள் ஒன்றாகவே இருந்தன என்பதை ஓர் அறையிலாவது காட்ட வேண்டும். வாசலில் எந்த அரசியல்வாதியின் பெயரும் வேண்டாம், மறைந்தவர் பெயரும் வேண்டாம்.

பணம் ஒதுக்கும் முன்பே மாநகர சபை ஒரு காரியம் செய்யலாம். குறிப்பிட்ட காலத்துக்கு முற்பட்ட கல்வீடுகளைப் பட்டியலிட்டு, அவற்றை இடிக்காமல் பேணுகிறவர்களுக்குச் சோலைவரியில் விலக்கு அளிக்கலாம். இடிக்க அனுமதி கேட்டு விண்ணப்பம் வந்தால், அனுமதிக்கு முன் வீட்டை அளந்து படம் எடுத்துவைக்க ஒரு மாத அவகாசம் கேட்கலாம். இதற்கு வெளிநாட்டு நன்கொடை தேவையில்லை. ஒரு சுற்றறிக்கை போதும். இந்த வருடமே அனுப்பலாம்.