வரி மட்டுமா வில்லன்?

பியர் வரியைக் குறைத்தால் பிரிட்டிஷ் பப் பிழைத்துவிடும் என்கிறார் ஒரு கட்டுரையாளர். பாதிக் கதை. வரி உண்டு, அதன்மேல் 20 சதவீத வாட் வரியும் உண்டு. ஆனால் பப் நடத்துபவரின் கழுத்தைப் பிடித்திருக்கும் இன்னொரு கை கட்டுரையாளர் கண்ணில் படவே இல்லை.

1989-இல் தாட்சர் அரசு, பெரிய பியர் ஆலைகளின் பிடியில் இருந்த பப்களின் எண்ணிக்கைக்கு வரம்பு கட்டியது. அதனால் ஆலைகள் விற்றவற்றை வாங்கிக் குவித்தவை, பியரே காய்ச்சாத சொத்து நிறுவனங்கள். வாடகையும் கொடு, பீப்பாயையும் எங்களிடமே வாங்கு என்பது அவற்றின் ஒப்பந்தம். வெளியில் மலிவாகக் கிடைக்கும் அதே பீப்பாய்க்குக் குத்தகைக்காரர் கூடுதலாக அழுகிறார். அது குடிப்பவர் தலையில் விடிகிறது.

விலையேற்றம்தான் பப்பின் குணத்தைக் கெடுத்தது என்கிறாரே, வெதர்ஸ்பூன் என்னும் பப் சங்கிலியில் பியர் மலிவுதானே? எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் 1946-இல் எழுதிய கற்பனை பப்பின் பெயரைக்கூட அது சில கிளைகளுக்குச் சூட்டிக்கொண்டது. ஆர்வெலின் பப்பில் பரிமாறும் பெண்களுக்கு வாடிக்கையாளர்களின் பெயர் தெரியும். இங்கே செயலியில் மேசை எண்ணைத் தட்டினால் போதும்.

வரிக்குறைப்பு கேளுங்கள், தப்பில்லை. கூடவே, குத்தகைக்காரரைக் காக்கும் 2016-ஆம் ஆண்டு நெறிமுறையைச் பப்களை வைத்திருக்கும் சிறு நிறுவனங்களுக்கும் நீட்டச் சொல்லுங்கள்.